தீட்டு வேறு, மாசு வேறு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சூழலியலின் அடிப்படைக் கருத்துகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கவிதை எழுதுகிறவன். வங்கியில் எழுத்தர். இளங்கலையில் தாவரவியல் படித்தேன் என்பதுதான் இந்த இடத்தில் நிற்க எனக்கிருக்கிற தகுதி. இன்னொரு தகுதியும் இருக்குது. அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குளத்தை வரைந்தார். மேலே சூரியன். தண்ணீரில் பாசி. பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் கொக்கு. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டார். கடைசியில் பலகையின் ஓரத்தில், இடம் மிச்சமிருந்த மூலையில், ஒரு கட்டம் போட்டு ‘சிதைப்பவை: பாக்டீரியா, பூஞ்சை’ என்று எழுதினார். எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “இதுங்க இயற்கையோட தோட்டிங்க” என்றார். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் முன்வரிசை ஆட்கள் சிலபேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸ்காலர்ஷிப் பட்டியலில் யார் யார் பேர் இருக்குன்னு அந்த வகுப்புக்கே தெரியும்.

அந்த ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. பாடம் புரியட்டும் என்று சொன்ன ஓர் உவமை. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கமா, கோபமா என்றுகூடத் தெரியாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன். சொல்லி முடிக்கும்போது சூழலியலின் முக்கியமான கருத்துகள் பெரும்பாலும் வந்துவிடும்.

உங்களில் எல்லோருக்கும் இது பாடம்தான். கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பி.காம். படித்தாலும் அந்தத் தாளை எழுதியாக வேண்டும். எப்படி எழுதுகிறோம்? கைடு வாங்கி, முதல்நாள் ராத்திரி படித்து, மறுநாள் மறந்துவிடுகிறோம். நம்மைப் பற்றிய பாடம் அது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இந்த அறிவுத்துறைக்கு 1866-ல் பேர் வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பேரை எடுத்தார். வீட்டைப் பற்றிய அறிவு. யாருடைய வீடு, அதில் யாருக்கு எந்த மூலை என்பதெல்லாம் அவர் கேள்வி இல்லை. நம்முடைய கேள்வி அதுதான்.

முதல் கருத்து, சூழல் மண்டலம். 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர் இதைச் சொன்னார். செடியைத் தனியாக, விலங்கைத் தனியாக, மண்ணையும் நீரையும் தனியாகப் பார்த்தால் புரியாது. உயிருள்ளதும் உயிரற்றதும் ஒன்றோடொன்று கொடுத்து வாங்குகிற முழு ஏற்பாட்டையும் ஓர் அலகாகப் பார்க்க வேண்டும் என்றார். உங்க ஊர் ஏரியை நினைச்சுக்கோங்க. ஏரி என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. வரத்து வாய்க்கால், கரை மண், கோரைப்புல், நண்டு, நாரை, மேய வரும் மாடு, மதகு, மதகுக்குக் கீழே உள்ள வயல் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஏரியைக் காப்பாத்தணும்னு சொல்லிக்கிட்டு வரத்து வாய்க்கால்ல பிளாட் போட்டா அது ஏரியைக் காப்பாத்தறது இல்ல.

இரண்டாவது, உணவுச் சங்கிலியும் பிரமிடும். இதை ஒழுங்குபடுத்திச் சொன்ன புத்தகம் சார்லஸ் எல்டன் எழுதிய ‘விலங்குச் சூழலியல்’. 1927-ல் வந்தது. அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம். கீழே புல் நிறைய, அதைத் தின்னும் வெட்டுக்கிளி குறைவு, அதைத் தின்னும் தவளை இன்னும் குறைவு, உச்சியில் கழுகு ஒன்றோ இரண்டோ. இதுதான் எண்ணிக்கைப் பிரமிடு.

ஏன் மேலே போகப்போகக் குறைகிறது? இந்தக் கேள்விக்கு ஆற்றலின் கணக்கை வைத்துப் பதில் சொன்னவர் ரேமண்ட் லிண்டெமன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஏரியை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அவர் கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். பிறகு ஏற்று 1942-ல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. இருபத்தேழு வயது நிறையுமுன்பே நோயில் இறந்துபோனார். அவர் போட்ட பாதையில் வந்த கணக்கு இது: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மிச்சம் மூச்சு விடுவதிலும் ஓடுவதிலும் சூடாகக் கழிந்துவிடும், அல்லது உண்ணப்படாமலும் செரிக்காமலும் போகும். ஆயிரம் கிலோ பாசி நூறு கிலோ பூச்சியாகும், பத்துக் கிலோ சின்ன மீனாகும், ஒரு கிலோ பெரிய மீனாகும். இது தோராயக் கணக்குதான், இடத்துக்கு இடம் மாறும்.

இந்தப் பிரமிடைப் பார்த்தவுடன் நமக்கு வேறொரு பிரமிடு ஞாபகம் வரும். வரத்தான் செய்யும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்க. சூழலியலின் பிரமிடில் உச்சி என்பது கௌரவமான இடம் இல்லை. அது ஆபத்தான இடம். கழுகு செத்தால் புல் சாகாது. புல் செத்தால் கழுகு செத்துப்போகும். உச்சியில் இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் நம்பி வாழ்வது. மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்று எந்தச் சூழலியல் நூலிலும் இல்லை. அதை நம் கண்தான் சேர்த்துப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான வருஷமா பிறந்த சாதியை வச்சு மேலே கீழேன்னு பார்த்துப் பழகின கண்ணு.

இப்போது பலகையின் மூலைக்கு வருவோம். சிதைப்பவை.

ஆற்றல் ஒரு வழியாகப் போகிறது. சூரியனிலிருந்து வந்து, சூடாகக் கழிந்து, திரும்பி வருவதில்லை. பொருள்கள் அப்படியில்லை. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். ஆனால் நெற்பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்து, பயறு இவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அதைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. செடி எடுத்துக்கொள்கிறது. செடியை மாடு தின்கிறது. சாணம் விழுகிறது, மாடு சாகிறது. விழுந்ததையும் செத்ததையும் பிரித்து மீண்டும் மண்ணுக்குக் கொடுப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். இவை ஒரு பருவம் வேலைநிறுத்தம் செய்தால் போதும். உலகத்தில் செத்த இலையும் செத்த உடலும் மலையாகக் குவியும், புதிய இலைக்கு உரம் இருக்காது. அப்போ இந்தக் கட்டத்தை மூலையில் போடறது எப்படிச் சரி? வட்டத்துக்கு ஏது மூலை? ஏது கடைசி?

இங்கேயிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். இயற்கையில் கழிவு என்று ஒன்று இல்லை. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு. எந்தப் பொருளும் தன்னளவில் அசிங்கம் இல்லை. மனித மலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் எடோ காலத்தில் அது விலைபோன சரக்கு. நகரத்து வீடுகளிலிருந்து விவசாயிகள் காய்கறியோ காசோ கொடுத்து வாங்கிப் போய் வயலுக்கு உரமாக்கினார்கள். அதே ஜப்பானில் தோல் வேலை செய்தவர்களைத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்தார்கள். இங்கே தோலும் தீட்டு, மலமும் தீட்டு. அசிங்கம் பொருளில் இருந்தால் எல்லா ஊரிலும் அல்லவா அது அசிங்கமாக இருக்க வேண்டும்? யாரை ஒதுக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்பப் பொருளை அசிங்கமாக்குகிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘பொல்யூஷன்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது. சமூகவியல் புத்தகத்தில் வந்தால் தீட்டு. சுற்றுச்சூழல் புத்தகத்தில் வந்தால் மாசு. தமிழில் நமக்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நல்லதாய்ப் போயிற்று. மாசு என்பது என்ன? ஒரு பொருள், ஓர் இடத்தில், அந்த இடம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சேர்வது. அளந்து சொல்லலாம். குறைக்கலாம். போக்கலாம். தீட்டு என்பது என்ன? அளக்க முடியாது. பொருளில் இல்லை, ஆளில் இருக்கிறது. பிறப்பில் வருகிறது, குளித்தால் போகாது. முன்னது அறிவியல். பின்னது அதிகாரம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எல்டன் புத்தகம் வந்த ஆண்டு 1927 என்று சொன்னேன் அல்லவா? அதே 1927, மார்ச் 20. மகாராஷ்டிரத்தில் மகாத் என்ற ஊர். அங்கே சவதார் குளம். மாடு குடிக்கலாம், முஸ்லிம், கிறித்தவர் எல்லோரும் எடுக்கலாம், தீண்டத்தகாதவர் மட்டும் தொடக்கூடாது. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-ல் தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் 1924-ல் ஏற்றுக்கொண்டது. எல்லாம் காகிதத்தில். அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஊர்வலமாகப் போய், குனிந்து, அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். ஊரில் அடிதடி நடந்தது. பிறகு ஆதிக்கசாதியினர் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? நூற்றெட்டுக் குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் எடுத்து மந்திரம் சொல்லிக் குளத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள்.

இப்போது இதைத் தாவரவியல் மாணவனாகப் பார்க்கிறேன். தண்ணீரின் மாசை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. தண்ணீரில் கலந்துள்ள அழுகும் பொருளைப் பாக்டீரியா தின்று செரிக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படும் என்ற கணக்கு. எண் கூடினால் மாசு கூடியது என்று அர்த்தம். சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றிலோ ஏரியிலோ விடலாம் என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டின் பொதுத் தரஅளவு. வீட்டுச் சாக்கடை நீர் சில நூறு மில்லிகிராம் இருக்கும். பால்? ஏறக்குறைய ஒரு லட்சம் மில்லிகிராம். ஆமாம், தோழர்களே, தண்ணீரில் கொட்டினால் பால் சாக்கடையைவிடப் பல நூறு மடங்கு மாசு. பால் பண்ணைக் கழிவு ஓடையில் கலந்தால் மீன் சாவது அதனால்தான்.

அம்பேத்கர் அந்தக் குளத்தில் ஒன்றும் போடவில்லை. ஒரு கை தண்ணீர் எடுத்தார், அவ்வளவுதான். அவர் குடித்ததால் அந்தக் குளத்தின் பி.ஓ.டி. ஒரு துளியும் கூடவில்லை. கூட்டியவர்கள் ‘சுத்தம்’ செய்தவர்கள். நூற்றெட்டுக் குடம் அவ்வளவு பெரிய குளத்தைக் கெடுத்திருக்காது. பாக்டீரியாக்கள் சில நாளில் தின்று சரிசெய்திருக்கும். அதாவது, தீட்டுக் கழிக்கப் போட்ட அசுத்தத்தையும் கடைசியில் சுத்தம் பண்ணியது மூலைக் கட்டத்தில் இருக்கிற பாக்டீரியாதான். அந்தக் குளத்தின் உரிமை வழக்கு பத்து ஆண்டு நடந்து, 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது.

நான் நாள் முழுக்கக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன். எச்சில் தொட்டு எண்ணிய நோட்டு, மீன் கூடையில் கிடந்த நோட்டு, மடியில் வியர்வையில் ஊறிய நோட்டு எல்லாம் வரும். அழுக்கு நோட்டு என்றே எங்களிடம் ஒரு தனிக் கட்டு உண்டு. நிஜமான அழுக்கு, நிஜமான கிருமி. இத்தனை வருஷத்தில் யாரும் அதில் தண்ணீர் தெளித்து வாங்கினதை நான் பார்த்ததில்லை. காசுக்குத் தீட்டு இல்லை. எங்க ஊர் டீக்கடையில எங்க அப்பா கொடுத்த காசு கல்லாப்பெட்டிக்குள்ள போச்சு, எங்க அப்பா பெஞ்சுல உக்கார முடியல.

இனி அந்த உவமைக்குப் பதில். ஆசிரியர் சொன்னார், பாக்டீரியா இயற்கையின் தோட்டி என்று. பாக்டீரியாவையும் மனிதரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

குளத்தில் அழுகும் பொருள் அளவுக்கு மேல் சேர்ந்தால் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும் என்று பார்த்தோம். அதே விதிதான் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும். அங்கே மூடி போட்டு அடைத்திருக்கிறது, புதிய காற்று வராது. ஆக்ஸிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன. அவற்றில் சில மீத்தேனை உண்டாக்கும். இன்னும் சில ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்ததும் மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போயிடுச்சு, குழி சுத்தமாயிடுச்சுன்னு இறங்குவாங்க. ஐந்நூறைத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். சரிந்தவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அதே மாதிரி. செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்று படிக்கும்போது, ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று யோசித்ததுண்டா? இதுதான் காரணம். ‘தாக்கி’ என்று எழுதுகிறார்கள். வாயு யாரையும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. ஒரு சாதி ஆளைக் கூட்டிவந்து அதற்குள் இறக்குகிறார்கள்.

1993-ல் ஒரு சட்டம் வந்தது, உலர் கழிப்பிடத்தையும் மலம் அள்ள வைப்பதையும் தடுத்தது. 2013-ல் இன்னொரு சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 1993-லிருந்து சாக்கடையில் செத்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை. கழிவை உறிஞ்ச வண்டி இருக்குது, அடைப்பு எடுக்க மெஷின் இருக்குது. ஆள் மலிவாகக் கிடைக்கும் வரைக்கும் மெஷின் ஷெட்டிலேயே நிற்கும்.

ஆக, பாக்டீரியா தோட்டி இல்லை. பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. தனக்காகத் தின்கிறது, வளர்கிறது, பெருகுகிறது. யாரும் அதை இறக்கிவிடவில்லை. மனிதரை அந்தக் குழிக்குள் இறக்கியது இயற்கை இல்லை. இயற்கை ஒரு வேலையைச் செய்கிறது, சமூகம் ஒரு கொடுமையைச் செய்கிறது. ஒன்றின் பேரை இன்னொன்றுக்கு வைத்தால் கொடுமையும் இயற்கையாகிவிடும்.

இது வகுப்பறை உவமையோடு நின்றால் பரவாயில்லை. பெரிய ஆய்வுகளிலும் இருக்கிறது. சூழலியலில் செயல்வாழிடம் என்று ஒரு கருத்து உண்டு. ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, அந்தச் சமூகத்தில் அதன் பங்கு என்ன என்பதெல்லாம் சேர்ந்தது. ஒரே செயல்வாழிடத்தில் இரண்டு இனங்கள் நீண்ட நாள் சேர்ந்திருக்க முடியாது, ஒன்று மற்றதை விரட்டிவிடும் என்று 1934-ல் ரஷ்ய அறிவியலாளர் காஸ் சோதனைக் குழாயில் நுண்ணுயிர்களை வளர்த்துக் காட்டினார். அதனால்தான் ஒரே ஏரியில் கொக்கு கரையோரமும் நீர்க்காகம் ஆழத்திலும் மீன் பிடிக்கின்றன. பங்கு பிரித்துக்கொண்டு போட்டியைக் குறைக்கின்றன.

இதை எடுத்துச் சாதிக்குப் பொருத்தினார்கள். 1983-ல் மாதவ் காட்கிலும் மல்ஹோத்ராவும் எழுதிய கட்டுரை, பிறகு 1992-ல் காட்கிலும் ராமச்சந்திர குகாவும் எழுதிய புத்தகம். ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு வளத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது, அதனால் போட்டி குறைந்தது, வளம் காப்பாற்றப்பட்டது என்ற வகையில் அந்த வாதம் போகிறது. இவர்களை நான் எதிரிகள் என்று சொல்லவில்லை. காட்டு மக்களுக்காக நிறைய எழுதியவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக 2011-ல் அறிக்கை தந்த குழுவுக்குக் காட்கில்தான் தலைவர். அந்த மலையை வெட்டுகிறவர்களுக்கு எதிராக அவர் பக்கம் நிற்பேன். ஆனால் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன்.

ஏனென்றால், செயல்வாழிடம் என்பது இனங்களுக்கு இடையே உள்ளது. மனிதர் எல்லோரும் ஒரே இனம். பாடத்தின் முதல் பக்கத்திலேயே இந்த வாதம் தப்பாகிவிடுகிறது. எல்டனே இந்தக் கருத்தை விளக்க மனிதரிடமிருந்துதான் உவமை எடுத்தார். ஊரில் பாதிரியாரைப் பார்த்தால் அவருக்கு ஊரில் என்ன பங்கு என்று தெரிவதுபோல, ஒரு விலங்கைப் பார்த்தாலும் அதன் பங்கு தெரிய வேண்டும் என்றார். இங்கிலாந்தில் பாதிரியார் மகன் பாதிரியாராகத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே உண்டு. சாதி என்பது வேலைப் பங்கீடுதான் என்று சமாதானம் சொன்னவர்களுக்கு அம்பேத்கர் 1936-லேயே பதில் எழுதிவிட்டார். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொக்கு ஒருநாள் மீனை விட்டுட்டு நண்டைத் தின்னா, அதை யாரும் மரத்துல கட்டி வச்சு அடிக்கறதில்ல. காதலிச்சதுக்காகத் தண்டவாளத்துல போடறதில்ல. அடியாளும் அரிவாளும் வைத்துக் காப்பாற்றப்படுகிற ஏற்பாட்டுக்கு இயற்கை என்று பேர் வைக்க முடியாது. போட்டி குறைந்ததாம். யாருக்குக் குறைந்தது? நிலத்துக்கும் படிப்புக்கும் நாம் போட்டிக்கு வராமல் இருந்தோமே, அவர்களுக்குக் குறைந்தது.

அடுத்து, உயிர்வழிப் பெருக்கம். இதை என் ஆயாவை வைத்துச் சொல்கிறேன்.

ஆயாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனால் வயல் அதற்குச் சோறு மட்டும் போடவில்லை, குழம்பும் போட்டது. நடவுக்கும் களைக்கும் போய்விட்டு வரும்போது மடியில் நண்டு இருக்கும், நத்தை இருக்கும். மடை திறந்தால் குறவையும் கெண்டைப்பொடியும். கூலியில் சேராத இந்தச் சாப்பாட்டை எந்தக் கணக்கெடுப்பும் எழுதியதில்லை. பிறகு மருந்து வந்தது. “மருந்து அடிச்ச மறுநாள் வாய்க்கால் பூரா வெள்ளவெள்ளயா மீனு மெதக்கும்டா. எடுக்காதீங்கன்னு ஒருத்தனும் சொல்லல” என்று ஆயா சொல்லும்.

டி.டி.டி. போன்ற மருந்துகள் எளிதில் சிதையாதவை, கொழுப்பில் தங்குபவை. பாடநூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. தண்ணீரில் நூறு கோடியில் 0.003 பங்கு. அதில் வாழும் நுண் விலங்குகளில் பத்து லட்சத்தில் 0.04 பங்கு. சின்ன மீனில் 0.5, பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25. ஆற்றல் படிக்குப் படி குறைகிறது, நஞ்சு படிக்குப் படி கூடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடநூல் பறவையோடு நிறுத்திவிடுகிறது. வயல் நண்டைத் தின்ற மனுஷி அந்தப் படத்தில் இல்லை. மருந்தைத் தோளில் சுமந்து வெறும் காலோடு அடித்தவர் இல்லை. லாபம் ஒரு பக்கம் சேர்ந்தது, நஞ்சு இன்னொரு பக்கம் சேர்ந்தது.

கடைசியாக, நிலம். புறம்போக்கு என்பது ஒரு வருவாய்த்துறைச் சொல். வரிக் கணக்குக்கு வெளியே இருக்கும் பொது இடம்: ஏரி, மேய்ச்சல், ஓடை, சுடுகாடு. இன்றைக்கு அது ஒரு வசவு. வரி தராத நிலத்தை மதிக்காத அதே மனசு, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களையும் மதிக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை. கழுவெளி என்று பழைய பேர். ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து பரவி நின்று, மெதுவாகக் கடலுக்குப் போகும் சதுப்பு நிலம். வெள்ளத்தைக் குடிக்கும் பஞ்சு. ஆனால் கணக்கில் அது தரிசு. எனவே பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில் நகரத்துக் குப்பையை அதன்மேல் கொட்டினார்கள். அதன்மேலேயே கணினி நிறுவனங்களும் சாலைகளும் எழுந்தன. 2022-ல் அதற்கு ராம்சார் என்ற சர்வதேச மதிப்பு கிடைத்தது. நல்லது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டிருந்த மக்களை, ஆற்றைச் சுத்தப்படுத்த வேண்டும், நீங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லிக் கிளப்பினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம்ம ஜனங்க. கொண்டுபோய் வைத்த இடம் எது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதே சதுப்பின் ஓரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அதற்குப் பிறகும் ஆற்றங்கரைக் குடும்பங்களை அங்கேதான் ஏற்றிப்போனார்கள். குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. கண்ணாடிக் கட்டடம் கட்டினால் வளர்ச்சி. தீட்டு எங்கே இருந்ததோ அங்கேயே மாசையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பிறகு மாசுக்குக் காரணம் நாம்தான் என்கிறார்கள்.

அதனால் சுற்றுச்சூழல் மேல்தட்டு ஆட்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று ஒதுங்கக்கூடாது. ஒதுங்கினால் அந்த மொழி முழுக்க அவர்களிடம் போய்விடும். நம் ஊருக்கு ஒரு தொழிற்சாலை வருகிறது என்றால் 2006 அறிவிக்கையின்படி பெரும்பாலான பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். அங்கே போய், “நாத்தம் அடிக்குதுங்க ஐயா” என்று சொன்னால் குறித்துக்கொள்ளமாட்டார்கள். “பி.ஓ.டி. எவ்வளவு, எங்கே எடுத்தது, யார் அளந்தது?” என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேட்கலாம்.

வகுப்பிலும் கேட்க வேண்டும். யாராவது பாக்டீரியாவைத் தோட்டி என்று சொன்னால் எழுந்து நின்று, “சார், அந்த உவமை தப்பு, ஏன்னு சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. செமஸ்டர் தேர்வில் சிதைப்பவை பற்றி ஐந்து மார்க் கேள்வி வந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். அவ்வளவுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு எல்லோரும் பின்பக்க ஓடைக்குப் போகிறோம். நாலு நாலு பேராகப் பிரிந்து, ஊரின் படத்தை வரையுங்கள். மேடு எது, பள்ளம் எது, ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, குப்பை எங்கே கொட்டுகிறார்கள், சுடுகாடு எங்கே, குடிநீர்த் தொட்டி எங்கே. அப்புறம் காலனி எங்கே இருக்குன்னு போடுங்க. படத்தைக் கொண்டாங்க, அதை வச்சு ராத்திரி பேசுவோம்.